மச்சான் அனுப்பும் காற்றுச் சட்டை

எல்லையோரக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். கணவர் சிப்பி எடுக்க முங்கும் பாறைகளில் பாதி கேரளத்தில். கணவருக்கு வயது 39. பதினைந்து வயதிலிருந்து இதே தொழில். கச்சான் கடல் (தென்மேற்குப் பருவக் கொந்தளிப்பு) அடங்கிய பிறகு நாளுக்கு நாலைந்து மணி நேரம், மூன்று நான்கு பாகம் (ஏழு மீட்டர் வரை) ஆழத்தில் முங்குகிறார். முகக் கண்ணாடி, சிப்பியைப் பெயர்க்க ஓர் உளி, இடுப்பில் வலைப்பை, இளைப்பாற ஒரு லாரி ட்யூப். சிலிண்டர் கிடையாது. பிடித்த மூச்சுதான்.

போன மாதம் ஒரு நாள் மேலே வந்து ட்யூபைப் பிடித்திருக்கிறார். பாறையில் உட்கார்ந்து சிப்பி கழுவிக்கொண்டிருந்த தன் தம்பியைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினாராம். அடுத்த சில நொடிகளில் முகம் தண்ணீரில் கவிழ்ந்துவிட்டது. விளையாடுகிறார் என்று தம்பி நினைத்திருக்கிறார். வலைப்பை ட்யூபில் சிக்கியிருந்ததால் ஆள் கீழே போகவில்லை. இழுத்துப் பாறையில் போட்டபோது உதடு நீலம். கை கால் நாலைந்து முறை வெட்டியது. அரை நிமிடத்தில் கண் திறந்து, “என்னலே, எதுக்கு இழுத்த?” என்று கேட்டிருக்கிறார். அப்புறம் இன்னும் இரண்டு மணி நேரம் முங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

சகோதரியின் தம்பி ஷார்ஜாவில் இருக்கிறார். அத்தானுக்கு ‘தானாக ஊதிக்கொள்ளும் சட்டை’ அனுப்புகிறேன் என்கிறார். இரண்டு பார்த்து வைத்திருக்கிறாராம்: ஒன்று சில ஆயிரம் ரூபாய், மற்றது ஒரு லட்சத்துக்கும் மேல். எதை வாங்கலாம், வாங்கினால் இனி பயமில்லையா என்பது முதல் கேள்வி. வேகமாக மேலே தூக்கினால் நுரையீரல் வெடித்துவிடும் என்று ஒருவர் சொன்னது உண்மையா? வெட்டி இழுத்தது வலிப்பு நோயா? பத்து முறை வேகமாக மூச்சு இழுத்து விட்டுப் போனால் ஒன்றும் ஆகாது என்று கணவர் சொல்வது சரியா? பதினான்கு வயது மகனும் லீவு நாளில் அப்பாவோடு போக ஆரம்பித்திருக்கிறான், அவனை விடலாமா? இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

மயக்கம் பற்றிய கேள்விகளிலிருந்து தொடங்குகிறேன். சட்டை எதைத் தடுக்க வேண்டும் என்று தெரியாமல் சட்டையின் விலையைப் பேசிப் பயனில்லை.

அன்று பாறையருகே நடந்தது

உங்கள் கணவருக்கு அன்று வந்தது, எழுத்தில் படித்த அளவில், மூச்சுப்பிடித்து முங்குகிறவர்களுக்கு வரும் மயக்கம். மூளைக்குப் போகும் ஆக்சிஜன் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் விளக்கு அணைந்தது போல நினைவு போய்விடும். முன்னறிவிப்பு இருக்காது. அதனால்தான் எதற்கு இழுத்தாய் என்று உங்கள் கொழுந்தனாரிடம் கோபப்பட்டிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அந்த அரை நிமிடம் நடக்கவே இல்லை.

கடலடியில் நன்றாக இருந்தவர் மேலே வந்த பிறகு ஏன் மயங்கினார் என்று கேட்கலாம். நான்கு பாக ஆழத்தில், அதாவது ஏழு மீட்டரில், காற்றழுத்தமும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து கரையில் உள்ளதைப்போல 1.7 மடங்கு. அந்த அழுத்தம் நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது; அதே ஆக்சிஜனின் தள்ளும் சக்தி கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் விழுந்துவிடுகிறது. மேலே வந்து இழுத்த முதல் மூச்சு மூளைக்குப் போய்ச் சேரவும் சில நொடிகள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் விழுகிறார்கள். சர்வதேச மூச்சுப்பிடிப்புப் போட்டிகளில், மேலே வந்தவர் 15 நொடிக்குள் கண்ணாடியைக் கழற்றி, சைகை காட்டி, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த முங்கல் செல்லாது. உங்கள் கணவர் கையை ஆட்டியது நல்ல அறிகுறி போலத்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகும் முப்பது நொடி ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பத்து முறை வேகமாக மூச்சு விடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அது ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் என்பது எங்கள் கரையில் மட்டுமல்ல, உலகம் முழுக்க உள்ள தப்பெண்ணம். ஆரோக்கியமான ஆளின் ரத்தம் சும்மா இருக்கும்போதே 97, 98 சதவீதம் நிறைந்துதான் இருக்கிறது. நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? வேகமாக ஊதித் தள்ளும்போது வெளியே போவது கரியமில வாயு. ‘மூச்சு முட்டுது, மேலே போ’ என்று நம்மை விரட்டுவது அந்த வாயுதான், ஆக்சிஜன் குறைவு அல்ல. அதை ஊதித் தள்ளிவிட்டால் முட்டலே வராது. வீட்டில் திருடன் வருமுன் நாயை அவிழ்த்து விரட்டிவிட்டுத் தூங்குவது மாதிரி. முங்குவதற்கு முன் உதடும் விரல் நுனியும் மதமதவென்று ஆகிறதா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆகிறது என்றால் அளவு மீறி ஊதுகிறார்.

வெட்டி இழுத்தது வலிப்பு நோயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆக்சிஜன் குறைந்த மூளையும் சில நொடிகள் அப்படி உதறும். நாக்கைக் கடித்திருந்தாலோ, சிறுநீர் போயிருந்தாலோ, விழித்த பிறகும் நெடுநேரம் ஆள் குழம்பிக் கிடந்திருந்தாலோ சந்தேகம் வலுக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் தண்ணீரில் முதல் முறை நினைவு போன எவரையும் பரிசோதிக்காமல் நான் கடலுக்குத் திருப்பி அனுப்ப மாட்டேன். ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், இவ்வளவும் பார்க்க வேண்டும். ஈசிஜியை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: பிறவியிலேயே இதய மின்னோட்டத்தில் கோளாறு உள்ள சிலருக்கு நீந்தும்போதுதான் அது முதன்முதலாக வெளியே வரும். அவருடைய அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாராவது இளவயதில் திடீரென்று, குறிப்பாகத் தண்ணீரில், இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பீடி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தை ரத்தத்தில் பிடித்துக்கொள்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டு சட்டைகள், இரண்டு வேலைகள்

ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் கரையில் லைஃப் ஜாக்கெட் என்ற சொல்லுக்கே தனி எடை வந்துவிட்டது. 2017 நவம்பர் கடைசியில் வீட்டுக்குத் திரும்பாதவர்களின் ஊரில் வாழ்கிற உங்களுக்கு ‘தானாக ஊதும் சட்டை’ என்றதும் மனம் அதில் ஒட்டிக்கொள்வது இயல்பு. ஆனால் ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் விற்கின்றன.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சட்டை படகிலிருந்து தவறி விழுகிறவர்களுக்காகச் செய்தது. சிலவற்றில் தண்ணீர் பட்டால் கரையும் வில்லை இருக்கும். அது கரைந்ததும் ஊசி பாய்ந்து உருளையிலுள்ள வாயு பையை நிரப்பும். வேறு சிலவற்றில் ஒரு சாண்கூட வேண்டாம், பத்து சென்டிமீட்டர் நீரழுத்தமே போதும். இதைப் போட்டுக்கொண்டு உங்கள் கணவர் பாறையிலிருந்து இறங்கினால் முதல் அடியிலேயே ஊதிக்கொள்ளும். பிறகு முங்கவே முடியாது. வில்லையை எடுத்துவிட்டு, கயிற்றை இழுத்தால் மட்டும் ஊதும்படி வைத்துக்கொள்ளலாமே என்று ஷார்ஜாத் தம்பி கேட்கலாம். கால் நரம்பு இழுத்துக்கொண்டால், நீரோட்டம் இழுத்தால் அது உதவும். நினைவு போனவர் கயிறு இழுக்க மாட்டார். நீங்கள் பயப்படுவதோ அந்த ஒரு நொடிக்குத்தான்.

லட்ச ரூபாய்ச் சட்டை உண்மையிலேயே முங்குகிறவர்களுக்காகச் செய்தது. அமெரிக்க ஈட்டி மீன்வேட்டைக்காரரும் தாடை அறுவை மருத்துவருமான டெர்ரி மாஸ் என்பவர் இந்த யோசனையைப் பொருளாக்கியவர்களில் முக்கியமானவர். உடலோடு ஒட்டிய மெல்லிய சட்டை, அதனுள் ஒரு சிறிய கணினி. எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் என்று முன்கூட்டியே நாமே குறித்து வைக்க வேண்டும். அந்த நேரம் கடந்தாலோ, ஆழம் மீறினாலோ வாயு உருளை திறந்து சட்டை ஊதி, ஆளை மேலே கொண்டுவந்து முகம் வானம் பார்க்க மிதக்க வைக்கும். தனியாக ஆழத்தில் மயங்கிக் கிடப்பவருக்கு இது ஓர் உயிர்வாய்ப்பு, அதில் சந்தேகமில்லை.

நுரையீரல் வெடிக்குமா என்ற பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மேலே இழுத்த மூச்சோடு கீழே போனவர் எவ்வளவு வேகமாக ஏறினாலும், அந்தக் காற்று பழைய அளவுக்குத்தான் விரியும். அதற்கு மேல் இல்லை. வெடிக்கும் ஆபத்து, கீழேயே சிலிண்டரிலோ கம்ப்ரஸர் குழாயிலோ மூச்சு இழுத்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்குத்தான். விளையாட்டுக்காகக்கூட யாருடைய குழாயிலும் அடியில் ஒரு மூச்சு வாங்கக் கூடாது என்று மட்டும் கணவரிடம் சொல்லுங்கள்.

ஆழம் கூடினால் உருளை வாயுவும் சுருங்கும். 33 கிராம் உருளை மேற்பரப்பில் பதினேழு லிட்டர் போலப் பையை நிரப்பும் என்றால், முப்பது மீட்டரில் அதில் கால்வாசிதான். உங்கள் கணவருடைய ஆழத்தில் பத்து லிட்டர் கிடைக்கும். ஒரு ஆளைத் தூக்க அது தாராளம். எனவே அவர் விஷயத்தில் தூக்கும் சக்தி குறையாகாது. குறை வேறு இடங்களில் இருக்கிறது.

முதலாவது நேரம். அவர் ஒரு நிமிடம் முங்குகிறவர் என்றால் சட்டையில் எழுபது, எண்பது நொடி குறிப்பார். நாளின் முதல் முங்கலுக்கு அது சரி. அறுபதாவது முங்கலில், மூச்சு வாங்க நேரம் கொடுக்காமல் திரும்பத் திரும்பப் போன உடம்பு, ஐம்பதாவது நொடியிலேயே கைவிடலாம். கணினிக்குக் களைப்பு தெரியாது. இரண்டாவது, அன்று நடந்ததுபோல மேலே வந்த பிறகு வரும் மயக்கம். மேலே வந்து மறுபடி அமிழ்ந்தால் உணர்ந்து ஊதும் வசதி உள்ள சட்டைகளும் உண்டு. ஆனால் வலைப்பை ட்யூபில் மாட்டி, அமிழாமல் முகம் மட்டும் கவிழ்ந்து கிடந்தால் அதற்கு என்ன தெரியும்? மூன்றாவது, சிப்பி இருக்கும் இடம். அலை அடித்து நுரைக்கும் பாறை முகத்தில்தான் சிப்பி பிடிக்கும். பாறை இடுக்கில் ஊதிய சட்டை ஆளை மேற்கூரையோடு அழுத்தி வைத்துவிடும். வெளியே என்றால் அலை அந்தப் பந்தை எடுத்துப் பாறையில் அடிக்கும். விரிந்த நீலக்கடலை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகம் வானம் பார்த்துக் கிடந்தாலும் மயங்கியவர் தானாக மூச்சு விடத் தொடங்குவார் என்று உறுதி இல்லை. தொண்டை இறுக மூடிக்கொண்டிருக்கலாம். யாராவது வந்து எழுப்பித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு சங்கதி, இது டாக்டர் புத்தியில் வந்ததல்ல, மனிதர்களைப் பார்த்ததில் வந்தது. ஹெல்மெட் போட்டதும் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவர்கள் உண்டு. ‘சட்டை இருக்கே, இன்னும் பத்து செகண்ட்’ என்று உங்கள் கணவர் நினைக்க மாட்டாரா? மயக்கம் தெளிந்து இரண்டு மணி நேரம் முங்கியவர் அவர்.

கருவி கைவிடும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2002 அக்டோபரில் டொமினிகன் குடியரசுக் கடலில், பிரெஞ்சு மூச்சுப்பிடிப்பு வீராங்கனை ஆட்ரி மெஸ்த்ர் 171 மீட்டர் ஆழம் வரை இறங்கினார். மேலே தூக்கிவர வேண்டியது ஒரு காற்றுப் பை. அதை நிரப்பும் உருளையில் போதிய காற்று இல்லை. அவர் உயிரோடு திரும்பவில்லை. அது வேறு வகைச் சாதனம், வேறு ஆழம். ஆனால் உப்புத் தண்ணீரில் நாள் முழுக்கக் கிடக்கும் உருளையையும் திருகையும் யார், எப்போது சரிபார்ப்பது என்ற கேள்வி ஒன்றுதான். தம்பி வாங்கத்தான் போகிறார் என்றால், செலவான உருளைக்கு மாற்று இங்கே எங்கே கிடைக்கும் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால் வாயு உருளைக்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சொல்லாமல் பெட்டியில் வைத்தால் ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள். அப்புறம், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசுவது, உருளையை எடை போட்டுப் பார்ப்பது. இதெல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

கயிறு பிடிக்கும் ஆள்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று சொல்வார்கள். அக்காள் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, கண்ணை எடுக்க மாட்டான் என்ற கணக்கு. உங்கள் கணவருக்கும் ஒரு மச்சான் இருக்கிறார், ஆனால் ஷார்ஜாவில். பாறையில் இருந்த கொழுந்தனார் சிப்பி கழுவிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை; பார்ப்பதும் ஒரு வேலை என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் கேட்பது இதைத்தான்: ஒருவர் முங்கும்போது மற்றவர் வேறெதுவும் செய்யக் கூடாது. பாறையில் அல்ல, தண்ணீரிலோ வள்ளத்திலோ, கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மேலே வந்த பிறகும் முப்பது நொடி முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு மாறிக்கொள்ளலாம். சிப்பி பாதியாகிவிடும் என்று இருவரும் சொல்வார்கள். பாதியாகாது. அடியில் இருந்த நேரத்தைப்போல இரண்டு மடங்காவது மேலே இளைப்பாறியே ஆக வேண்டும். அந்த நேரத்தில்தான் மற்றவர் முங்கப் போகிறார். தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஹென்யோ எனப்படும் பெண்கள், எழுபது வயதுக்காரர்கள்கூட, இன்றும் மூச்சுப் பிடித்தே முங்கிச் சிப்பியும் சங்கும் எடுக்கிறார்கள். கூட்டமாகத்தான் போவார்கள், ஆளுக்கொரு மிதவை. நடாலியா மோல்ச்சனோவா என்ற ரஷ்ய மூச்சுப்பிடிப்பு வீராங்கனை நாற்பதுக்கும் மேற்பட்ட உலக சாதனைகள் வைத்திருந்தவர். 2015 ஆகஸ்டில் ஸ்பெயின் பக்கம், அவருக்குச் சாதாரணமான ஆழத்தில், காவல் ஆள் இல்லாமல் முங்கினார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

இடுப்பில் ஈயமோ கல்லோ கட்டுகிறாரா? கட்டினால் ஒரே இழுப்பில் கழலும் முடிச்சாக இருக்க வேண்டும். மேற்பரப்பில் மூச்சை விட்ட பிறகும் ஆள் மிதக்க வேண்டும். அதற்கு மேல் எடை வேண்டாம். நிறைந்த வலைப்பையும் எடைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதை ட்யூபிலிருந்து தொங்கும் கயிற்றில் கட்டுவது நல்லது. சில ஆயிரம் ரூபாய்ச் சட்டையை வாங்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை இருந்தால், வாங்கி வள்ளத்தில் காவல் இருப்பவருக்குப் போடுங்கள். அது செய்யப்பட்டதே அந்த வேலைக்குத்தான்.

நினைவு போனால்

கொழுந்தனாருக்கு வாசித்துக் காட்டுங்கள். முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கு, கண்ணாடியைக் கழற்று. கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஊது, தட்டு, பெயரைச் சொல்லி ‘மூச்சு விடு’ என்று கத்து. பெரும்பாலும் சில நொடிகளில் விழித்துக்கொள்வார்கள். பத்து நொடியில் மூச்சு வரவில்லையென்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதி, கரைக்குக் கொண்டு வா. அங்கேயும் மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் முப்பது அழுத்தம், இரண்டு ஊதல், 108 வரும்வரை. எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் அதே எண்தான். கடலுக்குள் தூரமாக இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554. வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தொங்கவிடுவது, சுற்றுவது எதுவும் கூடாது. நேரம்தான் வீணாகும்.

எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் அன்றைக்குத் தொழில் முடிந்தது. இருமல், மூச்சிரைப்பு, வாயில் நுரை இருந்தால் ஆஸ்பத்திரி.

மகன் விஷயம். பதினான்கு வயதுப் பையனை முங்க விடாதீர்கள். காவலுக்கும் அவனை மட்டும் வைக்காதீர்கள். மயங்கிய அப்பாவை அலையில் இழுத்துவர அவனால் முடியாது. முடியாமல் போனால் அது அவன் ஆயுளுக்கும் கிடக்கும். வள்ளத்தில் இருந்து ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும், ஜாக்கெட் போட்டுக்கொண்டு.

என் துறை அல்லாத ஒன்று: மீனவர் நல வாரிய அட்டையைப் புதுப்பித்து, மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது.

லட்ச ரூபாய்ச் சட்டையை வாங்காதே என்று நான் தம்பியிடம் சொல்ல மாட்டேன். பரிசோதனை முடிந்து, காவல் முறை ஒரு பருவம் முழுக்கப் பழகி, அதன் பிறகும் கையில் காசு இருந்தால் வாங்கட்டும். அதுவரை அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் சொன்னால் கேட்காத கணவர், மச்சான் போனில் சொன்னால் கேட்பார். ஈசிஜி எடுக்கும் வரை கடலில் இறங்க வேண்டாம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொழுந்தனாரையும் கூட்டிப் போங்கள். வாயில் ஊதுவதையும் நெஞ்சை அழுத்துவதையும் பொம்மையில் செய்து பழக எங்கே வழி இருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள். அரை மணி நேர வேலைதான்.